பாதி இறக்கிய ஷட்டர்

லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்று அணைந்துகொண்டிருக்கிறது. சேவைகள் ஒவ்வொன்றாக நின்றதைச் சொல்லும் வரிகள் திரையில் ஓடி மறைந்துவிட்டன. எழுத வேண்டியவை எழுதப்பட்டு வட்டுகளும் பிரிக்கப்பட்டாயிற்று. மின்சாரம் நிற்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் ஒரு வரி வந்து விழுகிறது: ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட ஐஆர்க்யூ ஒன்றை மறுபடி விடுவிக்கப் பார்க்கிறார்கள் என்று. அதன் கீழே எண்களும் நினைவக முகவரிகளும் நிறைந்த நீண்ட பட்டியல். சில சமயம் இயந்திரம் அதையும் தாண்டி அணைந்துவிடும். சில சமயம் அங்கேயே நின்றுவிடும். விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அணையப்போகிற இயந்திரம்தானே, கடைசி மூச்சில் எதையோ உளறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மேசைமேல் இருக்கும் கணினிக்கு அந்தக் கேள்வி பொருந்தும்; பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் தீர்ந்தது. ஆனால் டேட்டா சென்டரில் அடுக்கிவைத்த சர்வர்களின் கதை வேறு. லினக்ஸின் மையமான கர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது பெரும்பாலும் அவற்றை ரீபூட் செய்தாக வேண்டும். ரீபூட்டில் முதல் பாதி அணைவது, மறுபாதி எழுவது. முதல் பாதியில் சிக்கிக்கொண்ட இயந்திரத்துக்கு மறுபாதி கிடையாது. தொலைவில் இருந்து அதை எட்டிப்பார்க்க எந்த நெட்வொர்க் கார்டு வழியோ, அந்தக் கார்டேதான் இப்போது சிக்கிக்கிடக்கிறது. எங்கோ ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிருக்கும்.

திரையில் வந்த அந்த வரிக்குப் பின்னால் இருப்பது ஒரு ரேஸ் கண்டிஷன். இரண்டு காரியங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பொருளை நோக்கி ஓடுகின்றன; எது முந்துகிறதோ அதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இந்தச் சொல் மென்பொருளுக்கு வருவதற்கு முன்பே மின்சுற்றுக்காரர்களிடம் புழங்கியது. 1954இல் வெளியான டேவிட் ஹஃப்மனின் ஆய்வில், சுற்று ஒன்றில் இரு சமிக்ஞைகள் போட்டிபோட்டு ஓடுவதைக் குறிக்க இச்சொல் வருகிறது. நாம் கைபேசியில் அனுப்பும் ஜேபெக் படங்களுக்குள் இருக்கும் சுருக்கக் குறிமுறைக்குச் சொந்தக்காரரும் அதே ஹஃப்மன்தான்.

ரேஸ் கண்டிஷனை ஒரு பிழை என்று சொல்வதில் சின்னத் தயக்கம் வரும். தனித்தனியாக எடுத்துப் படித்தால் இரண்டு நிரல்களிலும் ஒரு தவறும் இருக்காது. முதல் நிரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இரண்டாவதும் அப்படியே. பிழை எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது. வரிகளுக்கு இடையே, அவை ஓடும் நேரத்தில் இருக்கிறது. படிக்கிற கண்ணுக்கு அது அகப்படாமல் இவ்வளவு நாள் தப்பிப்பதன் காரணம் அதுதான். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹையோவின் மின்கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்காமல் போனது அதன் காரணங்களில் ஒன்று. மணி அடிக்காததன் காரணம் ஒரு ரேஸ் கண்டிஷன். அந்த மென்பொருள் அதற்கு முன் பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரம் பழுதின்றி ஓடியிருந்தது.

அணைப்பது என்றதும் ஒரு சுவிட்சைத்தான் நினைத்துக்கொள்கிறோம். கர்னலுக்குள் அது ஒரு நெடிய ஊர்வலம். அதைத் தொடங்கும் அழைப்பே எச்சரிக்கையோடு எழுதப்பட்டிருக்கிறது. யாரும் தவறிப்போய்க் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக, கூப்பிடுபவர் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். முதல் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் ‘ஃபீல் டெட்’ என்று படிக்கலாம். இரண்டாவது 672274793. இதையும் பதினாறடிமானத்தில் எழுதிப் பார்த்தால் 28121969 என்று வரும்: 1969 டிசம்பர் 28, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த நாள். இந்த எண்ணுக்குப் பதிலாக ஏற்கப்படும் மற்ற மூன்றும் அவருடைய மகள்களின் பிறந்தநாட்கள். உலகில் ஓடும் ஒவ்வொரு லினக்ஸ் இயந்திரமும் ஒரு பிறந்தநாளைக் கேட்டுக்கொண்டுதான் அணைகிறது.

எண்கள் சரியாக இருந்தால் கர்னல் தன்னிடம் பதிவாகியிருக்கும் சாதனங்களின் பட்டியலைக் கடைசியிலிருந்து எடுத்துப் படிக்கத் தொடங்கும். கடைசியாகப் பதிவானது முதலில் அணையும். நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கும் பிசிஐ பாலம் கார்டுக்கு முன்னால் பதிவாகியிருக்கும். ஆகவே கார்டுக்குப் பின்னால்தான் அணையும். இந்த வரிசைக்கு வலுவான காரணம் இருக்கிறது. பாலம் போன பிறகு கார்டின் பதிவேட்டைப் படிக்க முயன்றால் பதில் வராது; எல்லா பிட்டுகளிலும் 1 நிரம்பிய ஓர் எண் மட்டும் திரும்பி வரும். சாதனத்தை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர்; அனுபவப்பட்ட டிரைவர் எழுத்தாளர்கள் அந்த எண்ணைக் கண்டதும் எதிர்முனையில் ஆள் இல்லை என்று புரிந்துகொள்வார்கள். இன்டெல்லின் ஐஜிபி டிரைவரில் பதிவேட்டைப் படிக்கும் சிறிய நிரலே இதைச் சோதித்துப் பார்த்து, இணைப்பு போயிற்று என்று அறிவித்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சாதனங்களை அணைக்கும் இந்த நேரத்தில் மற்ற செயலி மையங்கள் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன. டைமர்கள் அடிக்கின்றன. கர்னலின் பணியாள் திரிகள் தங்கள் வரிசையில் கிடக்கும் வேலைகளை எடுத்துச் செய்துகொண்டிருக்கின்றன. வீட்டின் ஒரு மூலையில் ஒருவர் விளக்குகளை அணைத்துக்கொண்டே வர, மற்ற அறைகளில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கும் நிலை அது. மற்ற மையங்களை நிறுத்துவது இதற்கெல்லாம் பிறகு வரும் படி.

சாதனங்களிலேயே நெட்வொர்க் கார்டை அணைப்பதுதான் சிக்கலானது. காரணம், கார்டு பொறுமையாகக் காத்திருக்கும் பொருள் கிடையாது. வட்டு, கேட்டால் தரும். விசைப்பலகை மனிதக் கைக்குக் காத்திருக்கும். நெட்வொர்க் கார்டோ கம்பியின் மறுமுனையில் யார் எப்போது பேசுவார்கள் என்று தெரியாமல் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது. வந்த பொட்டலத்தை அது செயலியைக் கேட்காமலே நேராக நினைவகத்தில் எழுதிவிடும். எங்கே எழுதலாம் என்று டிரைவர் முன்கூட்டியே ஒரு வளையப் பட்டியலில் இடம் குறித்துக் கொடுத்திருக்கும். எழுதி முடித்ததும் செயலியைத் தட்டிக் கூப்பிடும். அந்தத் தட்டலின் பெயர்தான் குறுக்கீடு, ஐஆர்க்யூ. பத்து ஜிகாபிட் கார்டில், ஈதர்நெட்டின் மிகச் சிறிய சட்டகங்களாக வந்தால், விநாடிக்கு 1 கோடியே 48 லட்சம் சட்டகங்கள் வரலாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 67 நானோ விநாடி. அணைக்கும்போது ஒரு கணம் அசந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

குறித்துக் கொடுத்த இடத்தை டிரைவர் திருப்பி வாங்கிக்கொண்டு, அதைக் கார்டுக்குச் சொல்லாமல் விட்டால், கார்டு பழைய நினைவில் அதே முகவரியில் எழுதிக்கொண்டிருக்கும். கெக்ஸெக் என்ற வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது மிகவும் உறுத்தும் விஷயம். பயாஸ் வரை போய்த் திரும்பாமல், ஓடும் கர்னலிலிருந்து நேராகப் புதிய கர்னலுக்குத் தாவுவதற்கான வழி அது. 2005இல் லினக்ஸில் சேர்ந்தது. நடுவில் வன்பொருளுக்கு மறுதொடக்கம் நிகழாததால், பழைய கர்னல் கார்டை ஒழுங்காக நிறுத்தியிருக்காவிட்டால், புதிய கர்னல் வந்து உட்கார்ந்த இடத்தில் பழைய கார்டு பொட்டலங்களைக் கொட்டும். ‘எப்படியும் மின்சாரம் போகப்போகிறதே’ என்ற அலட்சியத்தில் எழுதிய டிரைவர்கள் பலவும் வெளிப்பட்டுப்போனது கெக்ஸெக் வந்த பிறகுதான்.

இனி அந்த வரி எப்படி வந்தது என்று பார்க்கலாம். இன்டெல்லின் பத்து ஜிகாபிட் கார்டுகளுக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரில் 2016இன் இறுதியில் திருத்தப்பட்ட ஒரு ரேஸ் இது.

கார்டு ஒன்றை நிறுத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடைமுகத்தை மூடுவது. நிர்வாகி கட்டளை கொடுத்தோ, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நிரல் ஒன்று கேட்டோ நடப்பது. மற்றொன்று, இயந்திரம் அணையும்போது சாதனப் பட்டியலைப் படித்துக்கொண்டு வரும் கர்னல் கேட்பது. இரண்டும் ஒரே வேலையைத்தான் கடைசியில் செய்கின்றன: பொட்டலப் போக்கை நிறுத்து, குறுக்கீடுகளை விடுவி, வளையங்களைக் கலை. இயந்திரம் அணையும் கட்டத்தில் பயனர் நிரல்கள் எல்லாம் கொல்லப்பட்டிருக்கும். ஆகவே முதல் வழியில் யாரும் வரமாட்டார்கள் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கை நெடுங்காலம் பொய்க்கவில்லை.

பிறகு கன்டெய்னர்கள் வந்தன. கன்டெய்னருக்கு அடிப்படை நேம்ஸ்பேஸ். ஒரே கர்னலுக்குள் தனித்தனிக் குடித்தனம் வைத்துக் கொடுப்பதைப் போன்றது அது: ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி நெட்வொர்க் இடைமுகங்கள், தனி வழித்தடங்கள், தனி முகவரிகள். நிஜமான கார்டு ஒன்றையே ஒரு குடித்தனத்துக்குள் கொண்டுபோய் வைக்கலாம். அந்தக் குடித்தனத்தில் இருந்த கடைசி நிரலும் செத்துப்போனால், நேம்ஸ்பேஸ் உடனே மறைவதில்லை. அதைக் கலைக்கும் வேலை கர்னலின் பணியாள் திரி ஒன்றின் வரிசையில் போய் விழுகிறது. அந்தத் திரி தனக்கு நேரம் கிடைக்கும்போது எடுத்துச் செய்யும். மெய்நிகர் இடைமுகங்கள் என்றால் அழிக்கும். நிஜக் கார்டை அழிக்க முடியாது. அதை மூடி, ஆதி நேம்ஸ்பேஸுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல.

நிரல்கள் எல்லாம் செத்த பிறகும் அவற்றின் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருக்கிறது. பணியாள் திரி கார்டை மூட வருகிறது. அதே நேரத்தில் இன்னொரு மையத்தில் அணைக்கும் ஊர்வலமும் அதே கார்டை நெருங்குகிறது.

நெட்வொர்க் அமைப்பை மாற்றுபவர்கள் ஒருவருக்கொருவர் மோதிக்கொள்ளாமல் இருக்க கர்னலில் ஒரு பெரிய பூட்டு உண்டு, ஆர்டிஎன்எல் என்பார்கள். அன்றைய ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் அந்தப் பூட்டை மறக்கவில்லை. அணைக்கும் பகுதி மூன்று காரியங்களைச் செய்தது. முதலில் ‘இந்தச் சாதனம் இனி இல்லை’ என்று அறிவித்தது. அடுத்துப் பூட்டை எடுத்துக்கொண்டு கார்டை மூடியது, பூட்டைத் திறந்துவிட்டது. கடைசியாகக் குறுக்கீடுகளுக்கென்று ஒதுக்கிய கட்டமைப்பையே பிரித்துப்போட்டது. நடுவில் இருந்த காரியம் மட்டும் பூட்டுக்குள் இருந்தது. அறிவிப்பு பூட்டுக்கு முன்னால், பிரிப்பது பூட்டுக்குப் பின்னால். கூடத்துக்குப் பூட்டு போட்டு, வாசலையும் கொல்லையையும் திறந்து போட்டிருந்தார்கள்.

அணைக்கும் பகுதி பூட்டைப் பெற்று, கார்டை மூடி, குறுக்கீடுகளை விடுவித்துப் பூட்டைத் திறக்கிறது. வெளியே காத்திருந்த பணியாள் திரிக்கு இப்போது பூட்டு கிடைக்கிறது. முறைப்படி காத்திருந்து, முறைப்படி பெற்ற பூட்டு. உள்ளே போய்த் தன் கடமையைச் செய்கிறது: கார்டை மூடு, குறுக்கீடுகளை விடுவி. அவை ஏற்கெனவே விடுவிக்கப்பட்டவை. திரையில் அந்த வரி விழுகிறது. இன்னும் மோசமான இன்னொரு வாய்ப்பும் உண்டு. பணியாள் திரி உள்ளே பாதி வேலையில் இருக்கும்போது, அணைக்கும் பகுதி வெளியே நின்றபடி குறுக்கீட்டுக் கட்டமைப்பைப் பிரிக்கிறது. பிரிக்கும் நிரல், இன்னும் யாரோ இந்தக் குறுக்கீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டு, மேலே போகக் கூடாது என்று கர்னலையே நிறுத்திவிடுகிறது.

பூட்டு இருந்தும் இது நடந்தது என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய இடம். பாடப்புத்தகங்கள் ரேஸுக்கு மருந்து பூட்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. பூட்டு இருவரை வரிசையில் நிற்க வைக்கும். முன்னால் போனவர் உள்ளே என்ன செய்துவிட்டு வந்தார் என்பதைப் பின்னால் வருபவருக்கு அது சொல்லாது. இரண்டு பேரும் ஒருவர்பின் ஒருவராக, மிகுந்த ஒழுங்கோடு, ஒரே வேலையை இரண்டு முறை செய்துவிட்டுப் போகலாம்.

திருத்தம் அதனால் இரண்டு பாகமாக வந்தது. பூட்டின் எல்லை விரிந்து, அறிவிப்பையும் பிரிப்பையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. இது முதல் பாகம். மூட வருகிறவர் பூட்டைப் பெற்ற பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தச் சாதனம் இன்னும் இருக்கிறதா? இல்லை என்று அறிவிக்கப்பட்டிருந்தால் குறுக்கீடுகளைத் தொடாமல் திரும்பிப் போக வேண்டும். இது இரண்டாவது. மொத்தமும் ஒரு கைக்குள் அடங்கும் வரிகள். பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த வரிகள், இடம்தான் மாறின.

கடையடைக்கும் நேரத்தில் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துத் திரும்பிவிடுவார். உள்ளே இருப்பவர் சாமான் வாங்கிக் குனிந்து வெளியே வருவார். பிறகுதான் விளக்கு அணையும், ஷட்டர் முழுக்க இறங்கும். அந்தப் பாதி ஷட்டர் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: வெளியே இருப்பவருக்கு ‘முடிந்தது’, உள்ளே இருப்பவருக்கு ‘அவசரமில்லை’. நல்ல டிரைவர்கள் எல்லாம் அணையும்போது செய்வது இதைத்தான். முதலில் அறிவிப்பு, பிறகு உள்ளே இருப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பு, அதன் பிறகே பொருளை எடுத்துக்கொள்வது. கர்னலில் காத்திருப்பதற்கென்றே தனித்தனி நிரல்கள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் குறுக்கீட்டுக் கையாளி முடியும்வரை ஒன்று. 2002இல் சேர்ந்த ஆர்சியு முறையில், பழைய தகவலைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் படித்து முடிக்கும்வரை இன்னொன்று. பொட்டலங்களை வாரி எடுக்கும் சுற்று நிற்கும்வரை மற்றொன்று.

இந்தக் காத்திருப்புகளிலும் ஆபத்து உண்டு. கடைசியாகச் சொன்ன நிரலை இரண்டு முறை அழைத்தால், இரண்டாவது அழைப்பு ஒருபோதும் வராத ஒருவருக்காக முடிவின்றிக் காத்துக்கொண்டிருக்கும். அதைவிடக் கொடுமை பூட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. கார்டு சிக்கிக்கொண்டால் அதைத் திருப்பி எழுப்புவதற்கு ஒரு வேலை தனியே வரிசையில் போடப்படும். பொட்டலத்தை அனுப்பக் கொடுத்துச் சில விநாடிகள் கார்டிடமிருந்து பதில் இல்லையென்றால் காவல் டைமர் அதைக் கூப்பிடும். அந்த எழுப்பும் வேலைக்கும் ஆர்டிஎன்எல் பூட்டு தேவைப்பட்டு, அணைக்கும் பகுதி அதே பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘அந்த வேலை முடியட்டும்’ என்று நின்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நின்றுபோகும். ஆக, ரேஸை ஒழிக்கப் பூட்டை விரித்துக்கொண்டே போகவும் முடியாது. விரிக்கும் ஒவ்வொரு வரிக்கும், இதற்குள் யாருக்காகவாவது காத்திருக்கிறோமா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில வரித் திருத்தம் பல நாள் வாசிப்பைக் கேட்பது இதனால்தான்.

டைமர்களின் தொல்லை வேறு வகை. டைமர் ஒன்று அடித்து ஒரு வேலையை வரிசையில் போடும். அந்த வேலை ஓடி, மறுபடி டைமரை வைக்கும். எதை முதலில் நிறுத்துவது? டைமரை நிறுத்தினால் வேலை அதைத் திரும்ப வைத்துவிடும். வேலையை நிறுத்தினால் டைமர் அதைத் திரும்பப் போட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் டிரைவர்காரர்கள் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் செய்துவந்தார்கள். 2023 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 6.2இல்தான் முறையான வழி வந்தது: டைமரை நிறுத்துவதோடு, இனி யார் வைத்தாலும் அது ஏற்காதபடி செய்துவிடும் ஒரு நிரல். உள்ளே செய்வது மிக எளிது. டைமர் அடித்தால் அழைக்க வேண்டிய முகவரியை வெற்றாக்கிவிடுகிறது. அதன்பின் வைக்க வருபவரின் கோரிக்கை சத்தமின்றி விழுந்துபோகிறது. கர்னல் நிரலாளர்களான தாமஸ் கிளைக்ஸ்னரும் ஸ்டீவன் ராஸ்டெட்டும் இதற்காக உழைத்தார்கள். அந்தத் தொகுப்பில் புளூடூத் டிரைவர் ஒன்றைச் சரிசெய்த திருத்தத்தின் தலைப்பு, கலைக்கும் பிரச்சினையை இம்முறை ‘நிஜமாகவே’ தீர்ப்பதாகச் சொல்கிறது. அதற்கு முன் தீர்த்ததாக நினைத்தவர்களின் உழைப்பையும் அந்த ஒரு சொல் நினைவுபடுத்துகிறது.

முடிவில் செய்யும் பிழையின் விளைவு முடிந்த இடத்திலேயே தங்குவதில்லை. 2008இல் இன்டெல்லின் இ1000இ டிரைவரைச் சுற்றி நடந்தது இதற்குப் பெரிய சான்று. லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய மடிக்கணினிகள் சிலவற்றில் நெட்வொர்க் கார்டு செத்துப்போனது. கார்டின் அடையாளமும் அமைப்பும் எழுதப்பட்டிருக்கும் நிலைநினைவகம் அழிந்திருந்தது. மறுதொடக்கம் செய்தாலும் வேறு இயங்குதளத்தைப் போட்டாலும் திரும்பாது. பழி முழுவதும் டிரைவரின்மேல் விழுந்தது. லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் விநியோகங்கள் சில தங்கள் சோதனைப் பதிப்புகளில் அந்த டிரைவரையே முடக்கிவைத்தன. வாரக்கணக்கில் தேடிய பிறகு கிடைத்த காரணம் டிரைவரில் இல்லை. கர்னலின் ஓட்டத்தைத் தடம்பிடிக்கும் எஃப்ட்ரேஸ் என்ற கருவி, நிரல்களில் தான் பின்னால் மாற்ற வேண்டிய இடங்களை முகவரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ஓடிவிட்டுக் கலைக்கப்படும் நிரல்களின் முகவரிகளும் அந்தக் குறிப்பில் இருந்தன. நிரல் கலைந்தது, குறிப்பு கலையவில்லை. காலியான அதே முகவரியில் பிறகு கார்டின் நிலைநினைவகம் வந்து குடியேறியது. எஃப்ட்ரேஸ் பழைய குறிப்பை எடுத்துக்கொண்டு வந்து, அங்கே தான் எதிர்பார்த்த நிரல் இருக்கிறதா என்று ஒப்பிட்டது. இல்லை. ஆனால் ஒப்பிட்டு மாற்றும் அந்த இயந்திரக் கட்டளை, பொருந்தாவிட்டாலும் இருந்ததையே திரும்ப எழுதும் இயல்புடையது. சாதாரண நினைவகத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கார்டின் நிலைநினைவகத்தில் அந்த ஒரு எழுத்தே போதுமானதாக இருந்தது.

2008 அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளியானது. அடுத்த சில நாட்களில் வந்த 2.6.27.1, எஃப்ட்ரேஸின் அந்தப் பகுதியை முடக்கியது. கருவியை எழுதிய ஸ்டீவன் ராஸ்டெட்தான் பின்னாளில் டைமர் பிரச்சினைக்காகவும் மெனக்கெட்டவர் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

இத்தகைய பிழைகளைத் தேடுபவர்களுக்கு முதல் எதிரி அவர்களின் கருவியே. சாதாரணப் பிழை என்றால் நிரலின் நடுவில் ஒரு வரியை அச்சிடச் சொல்லி, எங்கே போகிறது என்று பார்க்கலாம். ரேஸில் அது பலிக்காது. சீரியல் கன்சோலில் வழக்கமான 115200 வேகத்தில் 80 எழுத்து கொண்ட ஒரு வரியை அச்சிடச் சுமார் 7 மில்லி விநாடி ஆகும். மேலே சொன்ன பத்து ஜிகாபிட் கணக்கில், அதற்குள் ஒரு லட்சம் சட்டகங்கள் வந்துபோகலாம். ஓடுபவர்களில் ஒருவரை அவ்வளவு நேரம் நிறுத்திவைத்துவிட்டு யார் முந்தினார் என்று பார்ப்பதில் பொருளில்லை. பிழை மறைந்துவிடும். அச்சிடும் வரியை எடுத்தால் திரும்பி வரும்.

அதனால் கர்னல் வேறு வழிகளைக் கண்டிருக்கிறது. 2020இல் 5.8இல் சேர்ந்த கேசிசான், நினைவகத்தைத் தொடும் இடங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, வேண்டுமென்றே சற்றுத் தாமதித்து, அந்த இடைவெளியில் வேறு யாராவது அதே இடத்தைத் தொடுகிறார்களா என்று பார்க்கிறது. இன்னொரு அமைப்பு இதைவிட மனத்தைத் தொடுவது. பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் குறுக்கீடு ஒன்றை டிரைவர் விடுவிக்கும்போது, அந்த அமைப்பை இயக்கியிருந்தால், கர்னல் விடைகொடுத்துவிட்டு உடனே டிரைவரின் கையாளியை இன்னொரு முறை கூப்பிடும். பகிர்ந்த குறுக்கீடு ஆகையால், விடைபெறும் கணத்திலும் ஒரு தட்டல் வரக்கூடும்; அதற்கு டிரைவர் ஆயத்தமாக இருக்கிறதா என்ற சோதனை. தன் பொருட்களை முன்பே கலைத்துவிட்டு வந்த டிரைவர் அங்கே விழும். உண்மையான இயந்திரத்தில் ஆயிரம் ரீபூட்டுக்கு ஒரு முறை வரக்கூடியதை, எழுதுபவரின் மேசையிலேயே ஒவ்வொரு முறையும் வரவைக்கும் ஏற்பாடு. டிரைவர் எழுதும் ஒவ்வொருவரும் இதை இயக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

ஐஎக்ஸ்ஜிபிஇயில் வந்த திருத்தம் அதன் தம்பியான ஐஜிபிக்கும் உடனே போனது; அது ஒரு ஜிகாபிட் சர்வர் கார்டுகளுக்கானது. மூன்றாவது உடன்பிறப்பான இ1000இக்கு, அதாவது மடிக்கணினிகளிலும் மேசைக் கணினிகளிலும் இருக்கும் கார்டுக்கு, 2019 அக்டோபரில்தான் போய்ச் சேர்ந்தது. அந்தத் திருத்தத்தின் விளக்கத்திலேயே, இதே சிக்கல் ஐஜிபியில் தீர்க்கப்பட்டிருப்பது குறிப்பிடப்பட்டிருக்கிறது. நடுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஒரே நிறுவனத்தின் கார்டுகள், ஒரே பரம்பரையில் வந்த நிரல். ஆனால் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு, தனி வழக்கம். இ1000இ தான் மூடப்பட்டதைக் குறிக்கத் தனக்கென்று ஒரு பிட்டை வைத்திருந்தது. ஐஎக்ஸ்ஜிபிஇயின் வைத்தியத்தை அப்படியே நகலெடுத்துப் போட அது இடம்கொடுக்கவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்த வீட்டில் யார் யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்று முதலிலிருந்து கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் அப்படிக் கேட்டுப் பார்க்க யாராவது ஒருவர் பிழையைச் சொல்லியிருக்க வேண்டும். அணையும்போது வரும் பிழையைச் சொல்வதே கடினம். வட்டு பிரிக்கப்பட்டுவிட்டதால் பதிவுக் கோப்பில் எழுத முடியாது. கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாக வேறு இயந்திரத்துக்கு அனுப்பும் நெட்கன்சோல் என்ற வசதி உண்டு. இங்கே சாகிறதே அந்த நெட்வொர்க் கார்டுதான். சீரியல் கம்பி பொருத்தியவர்கள் சிலரே. மிச்சம் இருப்பது திரை ஒன்றுதான். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

இத்தகைய அறிக்கையைத் தொடங்கும்போது கர்னல் ‘இங்கே வெட்டவும்’ என்ற பொருளில் ஒரு கோடு போட்டுத்தான் தொடங்கும். உங்கள் இயந்திரம் அணையும்போது அந்தக் கோடு கண்ணில் பட்டால், பொத்தானை அழுத்துவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து, உங்கள் விநியோகத்தின் பிழைப் பதிவில் சேர்த்துவிடுங்கள். கோட்டுக்கு அடுத்த இரண்டு வரிகளும் கர்னல் பதிப்பு எண்ணும் படத்தில் தெளிவாக விழட்டும்.